பட்டன் தேயாத டயர்

டாக்டர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். இனிமேல் மருந்து கொடுத்தால் அந்த அம்மாவுக்கு வேதனைதான் மிச்சம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எங்கேயாவது போக ஆசைப்பட்டால் அழைத்துப் போங்கள் என்றார். எதிரே உட்கார்ந்திருந்தவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எழுந்து கதவைத் திறக்கும்போது, பழக்கதோஷம், டாக்டரைப் பார்த்து "பத்திரம்" என்றார்.

அவர் பெயரே அதுதான் என்று ஆகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் பரிசோதகராக வேலை பார்த்தவர். போய்விட்டு வருகிறேன் என்று யார் சொன்னாலும் பதிலுக்குப் "பத்திரம்" என்பார். ஆபீஸில் பத்திரம் சார், தெருவில் பத்திரம் சார். பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும் லிஃப்ட் கம்பியைக்கூட விரலால் தடவிப் பார்த்துவிட்டு "மாத்துங்க" என்று சொல்லிவிடுவார். கட்டடக்காரர்கள் கத்துவார்கள். அறுந்து விழுந்த பிறகு மாற்றுவதற்கு நான் எதற்கு என்று கேட்பார்.

வராந்தாவில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி இருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி. அவனைக் குழந்தையிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டாக்சி ஓட்டும் அந்த மச்சான்தான் பிள்ளைக்குப் பிள்ளை.

"என்னவாம்?" என்றாள்.

"வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டார்."

அவள் கணவனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படின்னா சரி. வீட்டுக்கு எதுக்கு? கடலுக்குப் போவோம். நம்ம சின்ன வீட்டுல."

சின்ன வீடு என்று அவள் சொன்னது கேரவனை. ஓய்வு பெற்றதும் யாரோ ஓட்டிப் பார்த்து விற்ற பழைய கேரவன் ஒன்றை அவர் வாங்கினார். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், அலமாரி அளவுக்கு ஒரு கழிப்பறை. "இவருக்கு ஒரு சின்ன வீடு இருக்கு, நானே பக்கத்துல இடம் கொடுத்து வெச்சிருக்கேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்வாள். முதல் பயணத்தில் ஆறு கடலோடு சேரும் ஓர் இடத்துக்குப் போனார்கள். பின்சக்கரம் மணலில் புதைந்து, டிராக்டர் வந்து இழுக்கும் வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டியதாயிற்று. இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பின்கதவைத் திறந்துபோட்டுக் கட்டிலில் படுத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சிரித்துச் சிரித்து மாய்ந்தாள். அந்த இடத்துக்குத்தான் இப்போது போக வேண்டும் என்றாள். நடுவில் ஓரிடத்தில் தங்கிப் போக வேண்டிய தூரம்.

நாலைந்து பயணத்தோடு அவளுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. ஈரலில் கட்டி என்றார்கள். கேரவன் காம்பவுண்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் போனது.

மறுநாள் காலையில் அவர் தார்ப்பாயை விலக்கினார். எலி திரைச்சீலையைக் கடித்து வைத்திருந்தது. பேட்டரி செத்திருந்தது. புதுசு போட்டார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார், அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தார், பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கடைசியாகக் குனிந்து டயரைப் பார்த்தவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தரையில் பதியும் வரிகள், பட்டன் என்பார்களே, அது கொஞ்சம்கூடத் தேயவில்லை, விரலை விட்டால் பாதி நகம் உள்ளே போனது. ஆனால் ரிம்முக்குப் பக்கத்தில் தடவியபோது கை நின்றது. ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தார்ப்பாய் டயர் வரைக்கும் எட்டியிருக்கவில்லை; வெயில் படும் பக்கம் அதிகமாக, சுவர்ப் பக்கம் குறைவாக. டயரின் பக்கவாட்டில் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று நாலு எண் பொறித்திருக்கும். சாக்பீஸைத் தேய்த்துப் படித்தார். பதினோரு வருஷத்து டயர். வாங்கும்போதே பாதிக் கிழம். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தவர், சொந்த வண்டி வாங்கும்போது பட்டனைப் பார்த்ததோடு எழுந்துவிட்டிருக்கிறார்.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு டயர்க்கடைக்குப் போனார். கடையை நடத்துகிறவள் ஒரு பருத்த பெண்மணி. தலைமுடியில் சாக்பீஸைச் செருகிவைத்திருந்தாள். சுற்றிவந்து நாலையும் பார்த்தாள்.

"பட்டன் அப்படியே இருக்கேம்மா," என்றார் இவர், ஒன்றும் ஆகாது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்ற குரலில்.

"ஓடினாத்தானே சார் தேயும். நின்ன எடத்துலயே ரப்பர் செத்துப்போச்சு. உள்ள தண்ணித் தொட்டி, கட்டில், ஃபிரிட்ஜ்னு இவ்வளவு வெயிட்டு வேற."

"தாங்குமா தாங்காதா?"

"இன்னிக்கே வெடிக்கும்னும் சொல்ல மாட்டேன். வெடிக்காதுன்னும் சொல்ல மாட்டேன். என் வண்டியா இருந்தா மாத்திடுவேன்."

மாற்றுவதற்கு அவளிடம் டயர் இல்லை. இந்தப் பாரத்தைத் தாங்கும் டயரை யாரும் கடையில் அடுக்கி வைப்பதில்லை, கம்பெனிக்குச் சொல்லி வரவழைக்க வேண்டும், அடுத்த வாரம் வந்துவிடும் என்றாள். அடுத்த வாரம் வரைக்கும் அவள் தாங்குவாளா என்று நினைத்தார். இருந்தாலும் நாலுக்கும் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் மச்சான் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து அவளுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துவிட்டான்.

"மாமா, என் டாக்சி டயரப் பாத்தீங்கன்னா நீங்க மயக்கம் போட்டு விழுந்துடுவீங்க. அதுலதான் நான் ஊரச் சுத்தறேன். ஒண்ணும் ஆகாது, கிளம்புவோம்."

"டாக்சி வேற, இது வேற. உயரமான வண்டி. முன்டயர் ஒண்ணு வெடிச்சா அப்படியே உருண்டுடும்."

"ஆம்புலன்ஸ் வெச்சுக்கலாமா?"

"அதுல ஏறினா ஆஸ்பத்திரிக்குத்தான்டா கொண்டுபோவாங்க," என்றாள் அவள் கட்டிலிலிருந்து. காரில் உட்கார்ந்தும் அவளால் போக முடியாது. உட்கார்ந்தால் வலி முதுகில் ஏறிவிடும். "என்னங்க, நான் வெடிக்கிறதுக்குள்ள அந்த டயர் வெடிக்காது. கிளம்புங்க."

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"உன்ன உள்ள படுக்க வெச்சுக்கிட்டு அந்த டயர்ல ஓட்ட என்னால ஆகாதும்மா."

"என்ன வெச்சுக்கிட்டுப் பயப்பட இன்னும் என்னங்க இருக்கு?"

அவர் மச்சானைப் பார்த்தார். பிறகு, "இவனும் நம்மகூட வர்றான். இவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க," என்றார். உண்மைதான். ஆனால் சொன்ன பிறகு, மச்சானை முன்னால் நிறுத்தித் தான் ஒளிந்துகொண்டது போலவும் அவருக்குத் தோன்றியது.

அவள் தம்பியைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "சரி. டயர் வரட்டும்."

அந்த வாரம் அவள் கண்ணெதிரே கரைந்தாள். எலும்பும் தோலுமாக ஆனாள். நாலு ஸ்பூன் பால் இறங்கினால் அதைப் பெரிய விஷயமாக இருவரும் பேசிக்கொண்டார்கள். அவர் தினமும் காலையில் டயர்க்கடைக்குப் போன் செய்தார். லோடு ஏற்றியாயிற்று, லாரி கிளம்பியாயிற்று, வழியில் இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில் வந்தது. முதலில் "வந்துடுச்சாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காததுதான் அவரை அதிகம் வதைத்தது. மனசு கேட்காமல் வெளியே போய் டயர்களைத் தடவிவிட்டு வருவார். போய்விடலாம் என்று சில நேரம் தோன்றும். அந்த வெடிப்பில் விரல் பட்டதும், கண் முன்னால் வண்டி உருளும்.

ஊசி போட வரும் நர்ஸ் ஒருநாள் அவரை வாசலுக்குக் கூப்பிட்டாள். "எங்கயோ போகணும்னு சொல்றாங்களே. போறதா இருந்தா இப்பவே போயிடுங்க சார்," என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கே டயர்க்கடையிலிருந்தும் போன் வந்தது. நாலு கேட்டதில் இரண்டுதான் வந்திருந்தது.

"மத்த ரெண்டு?"

"குடோன்ல மாட்டிக்கிச்சு சார். எப்பன்னு சொல்லத் தெரியல."

அவர் கடைக்குப் போய் நின்றார். புது டயர் இரண்டும் தாளில் சுற்றி, மூக்கைத் துளைக்கும் ரப்பர் வாசனையோடு சாய்ந்திருந்தன. கடைக்காரம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே பேசினாள்.

"வெயிட்டெல்லாம் பின்னாடிதான் இருக்கு. புதுசப் பின்னாடி போட்டுடறேன். சுவர்ப் பக்கம் இருந்த பழசு ரெண்டும் கொஞ்சம் பரவாயில்ல, அத முன்னாடி மாத்திடறேன். நாப்பதுக்கு மேல மிதிக்காதீங்க. அப்பப்ப நிறுத்திக் கையால தொட்டுப் பாருங்க. சுட்டா நிழல்ல கொஞ்ச நேரம் நிறுத்திடுங்க."

"போடுங்க," என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். மச்சான் அக்காவைப் பச்சைக் குழந்தை போல இரண்டு கையிலும் ஏந்திவந்து கட்டிலில் படுக்க வைத்தான். கனமே இல்லை என்று அவன் சொல்லவில்லை, முகம்தான் சொன்னது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். மச்சான் பின்னால் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நாற்பதைத் தாண்டவே இல்லை. லாரிகள்கூட ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. ஊரைத் தாண்டியதும் ஒரு மரத்தடியில் முதல் தடவை நிறுத்தினார். இறங்கி முன்டயர் இரண்டையும் உள்ளங்கையால் தொட்டார். வெதுவெதுப்பு மட்டும்தான். தெம்பாக வந்து பின்கதவு வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சொல்லுது?" என்றாள். குரல் காற்றுப் போலத்தான் வந்தது.

"ஒண்ணும் இல்ல. சூடு இல்ல."

"எனக்கும்தான் இல்ல. தொட்டுப் பாருங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் போர்வைக்குள் கைவிட்டு அவள் பாதத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. இரண்டு கையாலும் தேய்த்தார். கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, வெயில் ஏறுகிறதே என்று நினைத்துக்கொண்டு ஓட்டப் போனார்.

வெயில் ஏற ஏற நிறுத்துவது அதிகமாயிற்று. தார் ரோடு கொதித்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கி, குனிந்து, தொட்டு, நிழல் தேடி நிறுத்தி, ஆறும் வரைக்கும் காத்திருந்து கிளம்பினார். மத்தியானம் ஒரு தடவை மச்சான் இறங்கி வந்தான்.

"மாமா, சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன். நீங்க போய் அக்காகிட்ட உக்காருங்க."

"நீ வேகமாப் போயிடுவ."

"நாப்பதுலயே போறேன், சத்தியமா."

"உனக்குக் கால் நிக்காது மச்சான். எனக்குத் தெரியும்."

மச்சான் திரும்பி உள்ளே போனான். அவருக்கு வண்டியைக் கொடுக்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் வரும் சிறு நடுக்கம்கூடத் தன் கைக்குத் தெரியும், வேறு கைக்குத் தெரியாது என்று நம்பினார்.

சாயங்காலம் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். கடலுக்கு இன்னும் அரைநாள் ஓட வேண்டும். இடது முன்டயரைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். சுட்டது. உட்கார்ந்து, செல்போன் விளக்கை அடித்துப் பக்கவாட்டைப் பார்த்தார். ரிம்மோரத்து வெடிப்பு காலையில் இருந்ததைவிட நீண்டிருந்ததா, இல்லை அவருக்குத்தான் அப்படித் தெரிந்ததா? சாக்பீஸை எடுத்து வெடிப்பின் இரண்டு முனையிலும் கோடு போட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் வளர்கிறதா என்று தெரிந்துவிடும். கோட்டைச் சரியாகப் போடுவதற்காக மண்ணில் மண்டி போட்டார்.

"மாமா," என்று உள்ளேயிருந்து மச்சான் கூப்பிட்டான்.

"இரு, வரேன்."

விளக்கை இன்னும் கிட்டத்தில் பிடித்தார். மறுபடியும் "மாமா" என்று கேட்டது. இந்தத் தடவை அது மச்சானின் குரல் மாதிரியே இல்லை. அவசரமாக எழுந்தார், முழங்கால் பிடித்துக்கொண்டது, மட்கார்டைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து, பின்கதவுக்கு ஓடினார்.

அவள் கண் திறந்திருந்தது. தலை பின்கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. மச்சான் அவள் கையை விடாமல், இடித்தபுளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பங்க் மேனேஜர் நல்ல மனிதர். ஆள் அனுப்பி, பக்கத்து கிளினிக்கிலிருந்து டாக்டரை வரவழைத்தார். டாக்டர் கட்டிலோரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எல்லாம் முடிந்து அவர் போன பிறகு மச்சான் கேட்டான்: "கடலுக்குப் போயிட்டே திரும்பலாமா மாமா?"

"எதுக்கு? பாக்கறதுக்கு அவ இல்லையே."

திரும்பும்போது மச்சான் ஓட்டினான். அவர் உள்ளே தரையில் உட்கார்ந்து கட்டிலில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். வண்டி எண்பதைத் தொட்டது. தாண்டியது. மெதுவாகப் போ என்று அவர் சொல்லவில்லை. அடுப்பின் மேல் தொங்கிய கரண்டிகள் கலகலவென்று ஆடின. வெகு தூரம் போன பிறகு கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா?"

மச்சான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க மாமா எங்கடான்னு கேட்டா. டயர் பாக்கறார்க்கான்னு சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"பாக்கட்டும், அதுல அவருக்கு ஒரு நிம்மதின்னா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மாமா."

நிஜமாகவே அவள் சொன்னதா, தனக்காக இவன் கட்டிச் சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பக் கேட்கவும் தைரியமில்லை. டயர்கள் வெடிக்கவில்லை. தெரு எழுந்திருக்கும் முன்பே வீடு வந்து சேர்ந்தார்கள்.

எல்லாக் காரியமும் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு டயர்க்கடையிலிருந்து போன் வந்தது. மற்ற இரண்டும் வந்துவிட்டன. அந்தம்மாவுக்கு நடந்தது தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட அவருக்கு வாய் வரவில்லை. மச்சானையும் கூட்டிக்கொண்டு போனார்.

பழைய முன்டயர் இரண்டையும் கழற்றிக் கீழே போட்டார்கள். ஒன்றில் சாக்பீஸ் கோடு அழியாமல் இருந்தது. இதற்குள் மச்சான் கடைக்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டயரைக் காலால் தட்டிக்கொண்டே மச்சான் கேட்டான்:

"இத வெட்டிப் பாத்தா உள்ள எப்படி இருக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியும். உள்ள இருக்கற கம்பி விட்டுப்போயிருந்தா கண்ணுக்கே தெரியும்."

"வெட்டுங்க. பாத்துடுவோம்."

"வேண்டாம்," என்றார் அவர்.

"ஏன் மாமா? தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"உள்ள எப்படி இருந்தாலும் எனக்கு ஆகாது மச்சான்."

மச்சானுக்கு அதுவரைக்கும் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அன்னிக்கே கிளம்பியிருந்தா அக்கா கடலப் பாத்திருப்பா."

"பாத்திருப்பா."

"ஒரு வாரம் வாசலயே பாத்துக்கிட்டுக் கிடந்தா."

"ஆமா."

"வழியிலயாவது என்கிட்ட சாவியக் குடுத்துட்டு அவகிட்ட உக்காந்திருக்கலாம்."

"உக்காந்திருக்கலாம்."

"ஆமா ஆமான்னா என்ன மாமா அர்த்தம்?" அவன் குரல் உடைந்தது. "இல்லன்னு சொல்லுங்களேன். ரோட்ல உருண்டு மூணு பேரும் செத்திருப்போம்னு சொல்லுங்களேன். சண்டையாவது போட்டுக்குவோம்!"

உருண்டிருக்கும் என்று சொல்ல அவருக்குத் தெரியாது, உருண்டிருக்காது என்றும் தெரியாது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான். எப்போதும் சொல்வது போல "பத்திரம்" என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவன் அதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டான். கடைக்காரம்மா அந்த இரண்டு டயரையும் உருட்டிக் கொண்டுபோய் வாசல் ஓரத்துக் குவியலில் சாய்த்தாள்.

கேரவனை அவர் அதிக நாள் வைத்திருக்கவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து பார்த்தது. அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தாள். அவன் டயரைக் காலால் உதைத்துவிட்டு, "டயரெல்லாம் எப்படி சார்?" என்றான்.

"நாலும் புதுசு. செஞ்ச தேதி பக்கத்துல போட்டிருக்கும், பாத்துக்குங்க."

பார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரோரம் வண்டி நின்ற இடத்தில் நீளவாக்கில் புல் செத்த தடம் கொஞ்ச நாள் தெரிந்தது.

மச்சான் ரொம்ப நாள் வரவில்லை. போன் செய்தால் அவன் மனைவிதான் எடுப்பாள், வண்டியில் இருக்கிறார் என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல் கொள்ளாமல் டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். என்ன பேசுவதென்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் அடுப்படிக்குப் போய் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தான்.

"சர்க்கரை போடலையா மாமா?"

"தீந்து ரொம்ப நாளாச்சு. வாங்கணும்னுதான் கடைக்குப் போறேன். போனா எதுக்கு வந்தோம்னே மறந்துடுது."

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கசப்புக் காப்பியைக் கடைசி வரைக்கும் குடித்தார்கள்.